தொழில் ரகசியம் என்ற பெயரில் நடக்கும் இழப்பு

கோவையிலோ அம்பத்தூரிலோ ஓசூரிலோ முப்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையின் முதலாளியிடம் அறிவு மேலாண்மை என்று பேச்சை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும். “அதெல்லாம் பெரிய கம்பெனிக்குங்க. நம்ம மேஸ்திரிக்குத் தெரியாததா? கைப்பழக்கத்தை எல்லாம் எழுதி வைக்க முடியுமா? அப்படியே எழுதி வெச்சாலும் எவனாவது எடுத்துட்டுப் போயிருவான். புதுசா ஏதாவது செய்யணும்னா நல்ல மெஷின் ஒண்ணு வாங்கிப் போடணும், அவ்வளவுதான்.”

இந்தப் பதிலுக்குள் நான்கு நம்பிக்கைகள் இருக்கின்றன. தொழில் சின்னது, ஆகவே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கைத்திறன் எழுத்தில் அடங்காது. எழுதினால் கசிந்துவிடும். புதுமை என்பது புது இயந்திரத்தோடு வருவது. தொழில் அமைப்புகளின் கூட்டங்களில் மூத்த முதலாளிகள் இவற்றை அனுபவ மொழியாகச் சொல்கிறார்கள். வங்கிகள் இவற்றை நம்பித்தான் கடன் கொடுக்கின்றன. அரசின் மானியத் திட்டங்களும் இவற்றையே அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டன. நான்கும் தவறானவை. நம் சிறுதொழில்கள் பல, முப்பது ஆண்டு ஓடிய பிறகும் அதே ஜாப் ஒர்க்கை அதே கூலிக்குச் செய்துகொண்டிருப்பதற்கு இந்த நான்கும் முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறிவு மேலாண்மை என்றதும் விலையுயர்ந்த மென்பொருளையும் ஆங்கிலத்தில் பேசும் ஆலோசகரையும் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேலை செய்பவர்கள் கற்றதை, தோற்றதை, கண்டுபிடித்ததை அடுத்தவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பதும், அவ்வப்போது எடுத்துப் பார்த்துத் திருத்துவதும்தான் அது. ஒரு நீளக் கணக்கு நோட்டில் தொடங்கிவிடலாம்.

முதல் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். சின்னப் பட்டறையில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. ஆயிரம் பேர் உள்ள ஆலையில் கியர் வெட்டத் தெரிந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். ஒருவர் விலகினால் பத்தொன்பது பேர் மிச்சம். முப்பது பேர் உள்ள பட்டறையில் அந்த வேலைக்கு ஒரே ஒருவர்தான் இருப்பார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் டெலிவரி தள்ளிப்போகும். அவர் விலகினால் அந்த வேலையே பட்டறையை விட்டுப் போய்விடும். ஆள் குறையக் குறைய அறிவு ஒற்றை ஆளிடம் குவிகிறது. எனவே அதைப் பாதுகாக்க வேண்டிய தேவை பெரிய ஆலையைவிடச் சின்னப் பட்டறைக்குத்தான் அதிகம்.

ஒரு வேலையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். எஸ்.எஸ். 304-இல் ஒன்றரை மில்லிமீட்டர் சுவருள்ள ஒரு புஷ் கடைய வேண்டும். வழக்கம்போல மூன்று தாடைச் சக்கில் இறுக்கிக் கடைந்தால், இயந்திரத்தில் இருக்கும்வரை வட்டம் சுத்தமாக இருக்கும். சக்கைத் தளர்த்தியதும் தாடை அழுத்தியிருந்த மூன்று இடங்களும் பழைய நிலைக்குத் திரும்ப, உள்வட்டம் கோணிவிடும். கேஜ் நுழையாது, பீஸ் ரிஜெக்ட். அனுபவமுள்ள டர்னர் என்ன செய்வார்? சாஃப்ட் ஜாவை அந்த புஷ்ஷின் வெளிவிட்டத்துக்கே கடைந்துகொள்வார். அப்போது மூன்று புள்ளியில் அழுந்தாமல் சுற்றிலும் பரவலாகப் பிடிக்கும். முதலில் ரஃப் கட் எடுப்பார், தளர்த்துவார், சூடு ஆறவிடுவார். பிறகு லேசாகப் பிடித்துக் கடைசிக் கட் எடுப்பார். இந்த விஷயங்களைக் கண்டுபிடிக்க அவருக்குச் சில வாரங்களும் ஒரு கூடை ஸ்கிராப்பும் ஆகியிருக்கும். அந்த ஸ்கிராப்புக்குப் பணம் கொடுத்தவர் முதலாளி. மாதம் மூவாயிரம் ரூபாய் அதிகம் என்று அந்த டர்னர் வேறு இடத்துக்குப் போனதும், அடுத்த ஆர்டர் வரும்போது புதியவர் மறுபடியும் மூன்று தாடைச் சக்கில் தொடங்குவார். அதே பாடத்துக்கு முதலாளி இரண்டாவது முறை பணம் கட்டுவார்.

இதில் புதுமை எங்கே வருகிறது என்று கேட்கலாம். இங்கேதான் வருகிறது. சிறுதொழிலில் புதுமை வானத்திலிருந்து விழுவதில்லை. முந்தைய ஆள் நின்ற இடத்திலிருந்து அடுத்த ஆள் ஓர் அடி எடுத்து வைப்பதுதான் அங்கே புதுமை. முதல் டர்னர் கற்றது பட்டறையில் தங்கியிருந்தால், இரண்டாமவர் ஒரு மில்லிமீட்டர் சுவருக்கு முயன்றிருப்பார். உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் மாண்ட்ரல் ஒன்றைச் செய்து பார்த்திருப்பார். மெல்லிய சுவர் வேலைக்கு இவர்களிடம்தான் போக வேண்டும் என்ற பெயர் அந்தப் பட்டறைக்கு வந்திருக்கும். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிற பட்டறை இரண்டாம் பாடத்துக்குப் போவதே இல்லை.

மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. செய்கிறவருக்கே தெரியாமல் வேலைக்குள் கொஞ்சம் அறிவு புதைந்திருக்கும். அமெரிக்காவில் ‘ஃபாக்பேங்க்’ என்ற மறைபெயருள்ள ஒரு பொருள் 1975 முதல் 1989 வரை டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் தயாரிக்கப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல் ஏவுகணைகளில் பொருத்தும் டபிள்யூ-76 அணுகுண்டுக்கான பொருள் அது. அந்த ஆயுதம் இருக்க வேண்டுமா என்பது வேறு விவாதம். நமக்கு இங்கே வேண்டியது அதன் செய்முறைக் கதை. 2000-க்குப் பிறகு அந்தக் குண்டுகளைப் புதுப்பிக்க அதே பொருள் தேவைப்பட்டபோது, அவர்களால் அதைச் செய்ய முடியவில்லை. பழைய ஆலை போய்விட்டது. செய்முறைப் பதிவுகள் குறைவு. தெரிந்தவர்களில் ஏறத்தாழ எல்லாரும் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2009-இல் இதையெல்லாம் அறிக்கையாகவே வெளியிட்டது. புது ஆலை கட்டிப் பழைய முறைப்படி செய்தும் பொருள் சரியாக வரவில்லை. கடைசியில் காரணம் தெரிந்தது. பழைய நாளில் மூலப்பொருளில் ஒரு மாசு கலந்திருந்தது. அந்த மாசுதான் பொருளுக்கு அதன் குணத்தைக் கொடுத்திருக்கிறது. நவீனச் சுத்திகரிப்பு அதை நீக்கிவிட்டது. பழைய தொழிலாளர்களுக்கும் அந்த மாசின் பங்கு தெரியாது.

பணத்துக்கும் ஆட்களுக்கும் குறையே இல்லாத ஓர் அரசு நிறுவனத்துக்கு இந்த நிலை என்றால், ஒரே ஒரு மேஸ்திரியை நம்பி ஓடுகிற வார்ப்படப் பட்டறையின் நிலை என்ன? எந்தக் குவாரி மண், அன்றைக்கு அதில் ஈரம் எவ்வளவு, பென்டோனைட் எவ்வளவு சேர்த்தோம், எத்தனை பீஸ் பிளோ ஹோலில் போனது என்று தினமும் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், மண் வியாபாரி மாறிய வாரத்தில் ரிஜெக்‌ஷன் ஏறியது கண்ணில் படும். மேஸ்திரியின் நினைவில் மட்டும் இருந்தால் அது ‘நேரம் சரியில்லை’ என்பதோடு முடிந்துவிடும்.

இரண்டாம் நம்பிக்கை, கைத்திறன் எழுத்தில் அடங்காது என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. மனிதனுக்குத் தெரிந்தது அவன் வாயால் சொல்லக் கூடியதைவிட அதிகம் என்பதை மைக்கேல் போலான்யி 1966-இல் ஒரு நூலாகவே எழுதினார். கட்டிங் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டதைச் சொல்கிற காதை எந்தத் தாளிலும் எழுதிவிட முடியாது. ஆனால் முழுவதையும் எழுத முடியாது என்பதிலிருந்து எதையுமே எழுத வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை.

1940-இல் அமெரிக்கா போருக்கான உற்பத்தியைப் பெருக்கத் தொடங்கியபோது லென்ஸ் தேய்க்கும் தொழிலாளர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. அந்த வேலையைக் கற்க ஐந்து ஆண்டுகள் ஆகும் என்பது அன்றைய நம்பிக்கை. தொழிற்கூடப் பயிற்சிக்காக அந்த ஆண்டில் தொடங்கப்பட்ட டி.டபிள்யூ.ஐ. என்ற அமைப்பு இந்த வேலையைப் பிரித்துப் பார்த்தது. தேர்ந்த தொழிலாளி செய்வதில் பெரும்பகுதி சாதாரணப் படிகள். யாரும் சில நாட்களில் பழகலாம். அவற்றுக்கு நடுவே ஒருசில இடங்களில்தான் நுணுக்கம் இருந்தது. அந்த இடங்களைத் தனியே எடுத்துக் குறித்து, அவற்றையே திரும்பத் திரும்பப் பழக்கியபோது ஐந்து ஆண்டுப் பயிற்சி சில மாதங்களாகச் சுருங்கியது. போர் முடிவதற்குள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்களில் பதினாறு லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த முறையில் பயிற்சி பெற்றார்கள். போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா தன் தொழிலாளருக்கு வேலை கற்றுத்தரும் முறை இன்றும் இதன் மேல்தான் நிற்கிறது.

அந்த முறையின் கருவி ஒரு தாள், அவ்வளவுதான். இன்று புழங்கும் வடிவத்தில் அதில் மூன்று பத்திகள். முதலில் படி, அடுத்து அந்தப் படியில் கவனிக்க வேண்டியது, கடைசியில் ஏன். நம் புஷ் வேலைக்கு அதை எழுதினால் இப்படி இருக்கும். படி: ரஃப் கட் முடிந்ததும் சக்கைத் தளர்த்து. கவனிக்க: கை பொறுக்கிற சூட்டுக்கு வரும்வரை மறுபடி இறுக்காதே. ஏன்: சூட்டில் விரிந்த நிலையில் கடைசிக் கட் எடுத்தால் ஆறியதும் அளவு குறையும். மூன்று வரி, எழுத ஐந்து நிமிடம்.

இந்த மூன்றாம் பத்தியில்தான் என் வாதத்தின் உயிரே இருக்கிறது. முதல் இரண்டு பத்திகள் பழைய வேலையைப் பழையபடி செய்ய உதவும். ‘ஏன்’ என்ற பத்திதான் புது வேலையைச் செய்ய வைக்கும். காரணம் தெரிந்தவர் நிலைமை மாறும்போது முறையையும் மாற்றிக்கொள்வார். எஸ்.எஸ்.க்குப் பதில் அலுமினியம் வந்தால் இன்னும் அதிகமாக விரியும் என்று அவரே யோசிப்பார். ஆறவிடும் நேரம் வீணாகிறதே, கூலன்ட்டைக் கூட்டினால் என்ன என்று கேட்பார். காரணம் தெரியாதவருக்கு அந்தப் படி வெறும் சடங்கு. ஒன்று கண்ணை மூடிக்கொண்டு செய்வார், இல்லை அவசரத்தில் விட்டுவிடுவார். பட்டறையில் புதிய யோசனை வர வேண்டும் என்றால், இருக்கிற முறைகளுக்கான காரணங்கள் மேஸ்திரியின் தலையிலிருந்து இறங்கி எல்லார் கண் முன்னும் வர வேண்டும்.

மூன்றாம் நம்பிக்கைதான் வலுவானது, அதனால்தான் ஆபத்தானதும்கூட. எழுதினால் வெளியே போய்விடும் என்கிறார்கள். முதலில் ஒன்றை யோசிக்க வேண்டும். அறிவு வெளியே போவது தாளில் ஏறி அல்ல, ஆளோடு சேர்ந்துதான் போகிறது. அந்த ஆளைத் தடுத்து நிறுத்தச் சட்டம் உதவாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்டுப் போனவர் எதிர்த்த தெருவில் பட்டறை போடக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தாலும் நீதிமன்றம் அதை ஏற்காது. என் பார்வையில் அது நியாயமான சட்டம். ஆக ஆள் போவார், அவரோடு அறிவும் போகும். எழுதி வைக்காத பட்டறையில் எதிராளிக்கு ஒரு பிரதி கிடைக்கும். நமக்கு எதுவும் மிஞ்சாது. எழுதி வைத்த பட்டறையில் நமக்கும் ஒரு பிரதி இருக்கும். எழுதாமல் இருப்பதால் திருட்டு நிற்காது, நம் பங்கும் சேர்ந்து போகும். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. மறைத்து வைக்கப்பட்ட அறிவு வேகமாக வளர்கிறதா, பகிரப்பட்ட அறிவு வேகமாக வளர்கிறதா? இதற்கு வரலாறு தெளிவான சோதனை ஒன்றை நடத்திக் காட்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன. ஆழம் கூடக் கூடத் தண்ணீர் ஊறும். அதை இறைக்க நீராவி எஞ்சின் வேண்டும். அங்கே நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்பதால் கரிச் செலவு சுரங்க முதலாளிகளின் கழுத்தை நெரித்தது. ஜேம்ஸ் வாட்டின் எஞ்சின் கரியை மிச்சப்படுத்தியது. ஆனால் அவருக்கும் அவர் கூட்டாளி போல்ட்டனுக்கும் 1800 வரை காப்புரிமை இருந்தது. மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஜோனதன் ஹார்ன்புளோயர் போன்ற உள்ளூர்ப் பொறியாளர்கள் வேறு வழியில் மேம்படுத்த முயன்றபோது காப்புரிமையைக் காட்டித் தடுத்தார்கள். 1800-இல் காப்புரிமை முடிந்து, போல்ட்டன்–வாட் ஆட்கள் வெளியேறினார்கள். அடுத்த பத்தாண்டில் முன்னேற்றம் இல்லை. எஞ்சின்களின் திறன் பின்னுக்கே போனது. ஆளுக்கு ஆள் தனித்தனியே போராடிக்கொண்டிருந்தார்கள்.

1811-இல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேற்பார்வையாளர் ஒரு மாதாந்திர அறிக்கையைத் தொடங்கினார். எந்தச் சுரங்கத்தில் எந்த எஞ்சின், யார் பொறியாளர், ஒரு புஷல் கரிக்கு எத்தனை பவுண்டு தண்ணீரை ஓர் அடி உயர்த்தியது என்று ஒரே அளவுகோலில் எல்லாருக்கும் தெரியும்படி அச்சிட்டார். எஞ்சினின் அமைப்பு விவரங்களும் அதில் இருந்தன. அடுத்த ஆண்டே ரிச்சர்ட் டிரெவிதிக் தன் உயரழுத்த எஞ்சினை அங்கே நிறுவினார், அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. ஒருவர் சிலிண்டருக்கு உறை போட்டுச் சூடு காத்தால் அடுத்த மாதம் பத்துப் பேருக்குத் தெரிந்தது. ஒருவர் நீராவியை முன்கூட்டியே அடைத்து விரியவிட்டால் அதுவும் எண்ணாக வெளியே வந்தது. அறிக்கை தொடங்கியபோது சராசரி எஞ்சின் இரண்டு கோடி பவுண்டைக்கூட எட்டவில்லை. 1840-களில் சராசரி ஐந்து கோடியைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ மூன்று மடங்கு. இதைச் செய்தது எந்த ஒரு மேதையும் அல்ல, எந்த ஒரு பெரிய நிறுவனமும் அல்ல. சிறு சிறு மேம்பாடுகளைக் கண்டறிந்த பல பொறியாளர்கள், ஒருவர் கண்டதை மற்றவர் படித்ததால் செய்தார்கள்.

‘அந்தச் சுரங்கங்களுக்குள் போட்டி இல்லையே, செம்பின் விலையை வேறு யாரோ நிர்ணயித்தார்கள், எங்களுக்கோ பக்கத்துப் பட்டறைக்காரர்தான் எதிரி’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் பட்டியல், விலைக் கணக்கு, இன்னும் சந்தைக்கு வராத வடிவமைப்பு ஆகியவற்றைப் பூட்டி வைக்க வேண்டும். ஆனால் பட்டறைக்குள் ஒரு ஷிஃப்ட் கற்றதை அடுத்த ஷிஃப்ட்டுக்குச் சொல்லாமல் வைத்திருப்பது எந்த எதிரியிடமிருந்து காப்பாற்ற? நம் முதலாளிகள் ரகசியம் என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இந்த வகைதான்.

போட்டியாளர்களுக்குள் பகிர்வதும் நமக்குப் புதிதல்ல. கோவையின் பம்ப்செட் தொழிலும் வார்ப்படத் தொழிலும் வளர்ந்ததே, ஒரு பட்டறையில் பழகியவர் வெளியே போய்ச் சொந்தப் பட்டறை போட்டு, அவரிடம் பழகியவர் இன்னொன்று போட்டதால்தான். 1955-இல் சபாபதி என்பவர் கோவையில் வெட் கிரைண்டரை உருவாக்கினார். அது ஒரே வீட்டுக்குள் அடங்கியிருந்தால், இன்று புவிசார் குறியீடு பெற்று ஊரின் பெயரோடு சேர்ந்து நிற்கிற பொருளாக ஆகியிருக்காது. பல சிறு பட்டறைகள் அதைக் கையில் எடுத்து, கவிழ்த்து மாவை எடுக்கிற மாதிரி, மேசை மேல் வைக்கிற மாதிரி என்று மாற்றிக்கொண்டே போனதால்தான் அது வளர்ந்தது. அதே ஊரில் 1950-களில் ஆலைகள் சேர்ந்து அமைத்த சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், நூற்பாலைகளின் உற்பத்தித் திறனை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆய்வுகளை நடத்தி, ஒவ்வோர் ஆலையும் தான் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் செய்தது. ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான ஆலைகள்தான் அந்த எண்களைக் கொடுத்தன. லீனின் அறிக்கை கார்ன்வாலில் செய்த வேலையைத்தான் இது இங்கே செய்தது.

திருப்பூரும் ஒரு பாடம். சாய ஆலைகளில் டையிங் மாஸ்டரின் நோட்டு என்பது யாரும் தொட முடியாத பொருள். எந்த நிறத்துக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு சோடா என்பது அவர் ஒருவருக்கே தெரியும். கழிவுநீர்ச் சிக்கல் முற்றி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. சொட்டு நீரும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மீண்டும் திறக்க முடிந்தது. அதற்குக் கண்ட வழிகளில் ஒன்று, கழிவில் வரும் உப்புக் கரைசலைச் சுத்தம் செய்து மறுபடி சாயத் தொட்டிக்கே கொண்டுபோவது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இதில் முன்னோடியாக இருந்தது. அங்கே ஓடிக் காட்டிய முறை மற்றவர்களுக்கும் நம்பிக்கை கொடுத்தது. இந்த முறைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அடர் நிறத்துக்கு லிட்டருக்கு அறுபது, எண்பது கிராம் உப்பு போகும். திரும்ப வரும் கரைசலில் ஏற்கெனவே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து, செய்முறையில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். செய்முறை கிராம் கணக்கில் எழுத்தில் இருந்தால் இது ஒரு கழித்தல். ‘கை அளவு’ என்று இருந்தால் ஒவ்வொரு லாட்டும் ஒரு சூதாட்டம். நெருக்கடி வரும்போது புதிய முறைக்கு மாறுவதை எளிதாக்குவது எழுத்தில் இருக்கும் அறிவுதான்.

நான்காம் நம்பிக்கை, புது இயந்திரம் வாங்கினால் புதுமை வந்துவிடும் என்பது. இதை அரசே வளர்த்திருக்கிறது. கடனோடு இணைந்த மூலதன மானியத் திட்டம் என்று பல ஆண்டுகள் ஒரு மத்திய அரசுத் திட்டம் இருந்தது. ஒரு கோடி ரூபாய் வரை கடன் வாங்கி அங்கீகரிக்கப்பட்ட இயந்திரம் வாங்கினால் 15 சதவீதம் மானியம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த இயந்திரம் பக்கத்துப் பட்டறைக்கும் அதே மானியத்தில் கிடைத்தது. அதே இயந்திரம் சீனாவில் இருப்பவருக்கும் கிடைக்கும். எல்லாரிடமும் உள்ள ஒரு பொருள் யாரையும் தனித்துக் காட்டாது. அதை வைத்து என்ன செய்யத் தெரியும் என்பதுதான் வேறுபாடு.

வெளியிலிருந்து வரும் புதிய அறிவை ஒரு நிறுவனம் அடையாளம் கண்டு உள்வாங்குவது, அதனிடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் அறிவைப் பொறுத்தது என்று வெஸ்லி கோஹனும் டேனியல் லெவிந்தாலும் 1990-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் நிறுவினார்கள். நம் பட்டறைகளில் இது தினமும் தெரிகிறது. முப்பது லட்சம் ரூபாய்க்கு வி.எம்.சி. என்ற கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரம் வாங்கி, சப்ளையர் வந்து சொல்லிக்கொடுத்த ஸ்பீடு, ஃபீடிலேயே ஐந்து ஆண்டு ஓட்டுகிற பட்டறைகள் ஏராளம். எந்தப் பொருளுக்கு எந்த இன்சர்ட் எத்தனை பீஸ் தாங்கியது என்ற குறிப்பு இல்லாததால், ஏற்றிப் பார்க்கவும் பயம், இறக்கிப் பார்க்கவும் பயம். புரோகிராமில் செய்த திருத்தங்கள் ஆபரேட்டரின் பென் டிரைவில் இருக்கும், அவரோடு சேர்ந்தே போகும். இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் புதுமையாக மாறுவது, அதன் மேல் கற்றது சேரும்போது மட்டும்தான்.

இந்த நான்கையும் மறுத்த பிறகும் ஓர் ஆட்சேபம் மிஞ்சுகிறது. முதலாளிகள் அதைச் சொல்வதில்லை. தொழிலாளர்கள் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். ‘எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு என்னை வெளியே அனுப்பிவிட்டுக் குறைந்த கூலிக்கு ஒரு பையனை வைத்துக்கொள்வார்கள்.’ இந்தப் பயம் நியாயமானது. அப்படி நடப்பதும் உண்டு. இருபது ஆண்டு உழைப்பில் சேர்ந்த ஒரே சொத்தை ஒருவர் ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்? அறிவு மேலாண்மை பற்றிப் பேசுகிற பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தாண்டினால் எந்த நோட்டிலும் உண்மை ஏறாது. முக்கியமான வரி மட்டும் எப்போதும் விடுபட்டிருக்கும்.

இதற்கு ஒரே தீர்வு, கற்றுக்கொடுப்பவருக்கு அதற்கான விலையைக் கொடுப்பது. முறையைக் கண்டுபிடித்தவரின் பெயர் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இரண்டு பேரைப் பழக்கியவருக்குச் சம்பளத்தில் கூடுதல் வேண்டும், பட்டறையில் மரியாதையும் வேண்டும். அவர் கண்டுபிடித்ததால் மிச்சமான ஸ்கிராப்பில் ஒரு பங்கு அவருக்கு வர வேண்டும். முதலாளி முதலில் தனக்குத் தெரிந்ததை எழுதிக் காட்ட வேண்டும். எந்த வாடிக்கையாளர் ஏன் போனார், எந்த விலை ஏன் தவறியது என்பதை அவர் திறந்து சொன்னால்தான் மேஸ்திரியும் திறப்பார். தொழிலாளியை நம்பாத முதலாளிக்கு அறிவு மேலாண்மை கிடையாது. அவருக்குப் புதுமையும் கிடையாது.

இன்னொரு பக்கம், முதலாளிகள் நேரம் இல்லை என்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்காக வாங்கிய கோப்புகள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றனவே என்று காட்டுகிறார்கள். அந்தக் கோப்புகளால் பயன் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2015 பதிப்பில் நிறுவனத்தின் அறிவைப் பேணுவதற்கென்றே ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அதையும் பல இடங்களில் ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் இரவு நிரப்புகிறார்கள். தணிக்கையாளருக்காக எழுதியதை வேலை செய்பவர் படிக்க மாட்டார். வேலை செய்பவருக்காக, அவர் பேசுகிற தமிழில், அவர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கும்படி எழுதியதைத்தான் படிப்பார்.

ஒரு சிறு பட்டறைக்கு மூன்று பதிவுகள் போதும். ஒன்று, நான் மேலே காட்டிய மூன்று பத்தித் தாள். கடினமான வேலைகளுக்கு மட்டும். இரண்டு, ரிஜெக்‌ஷன் நோட்டு. என்ன போனது, ஏன் போனது என்று நாம் நினைக்கிறோம், என்ன செய்து பார்த்தோம், அது பலித்ததா. மூன்றாவதுதான் யாரும் வைத்திருக்காதது: முடியாது என்று நாம் திருப்பி அனுப்பிய ஆர்டர்களின் பட்டியல். ஒரே மாதிரி வேலையை ஆறு மாதத்தில் நான்கு பேர் கேட்டு நாம் திருப்பி அனுப்பியிருந்தால், அடுத்து நாம் எதைக் கற்க வேண்டும் என்று சந்தையே சொல்கிறது. எழுதாததால் அந்த நான்கு பேரும் நான்கு தனித்தனித் தொலைபேசி அழைப்புகளாக மறந்துபோகிறார்கள். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் இந்த மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எல்லாரும் பேசினால், அதுதான் அந்தப் பட்டறையின் ஆராய்ச்சிப் பிரிவு.

தொழில் அமைப்புகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. கொடிசியா போன்ற சங்கங்கள் கண்காட்சி நடத்துவதைத் திறம்படச் செய்கின்றன. அதோடு, பெயர் மறைத்துத் தொகுத்த ரிஜெக்‌ஷன் விகிதம், ஒரு டன் வார்ப்புக்கு ஆகும் மின்சாரம், டூல் ஆயுள் ஆகியவற்றை மாதாமாதம் வெளியிட முடியும். தான் எங்கே நிற்கிறது என்று ஒரு சிறு பட்டறைக்குத் தெரிய வேறு வழியே இல்லை. அரசு இயந்திரத்துக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு சிறு பகுதியையாவது, ஓய்வுபெறும் நிலையில் உள்ள மேஸ்திரிகளும் டையிங் மாஸ்டர்களும் தங்கள் தொழிலைப் பதிவு செய்து இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கான ஊதியமாக ஒதுக்க வேண்டும். ஐ.டி.ஐ. பாடப்புத்தகத்தில் இல்லாத அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது, அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது.

நம் சிறுதொழில்களுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகள் முடியாது என்று கைவிட்ட வேலைகளை முடித்துக் கொடுக்கிற கைகள் இங்கே ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் இருக்கின்றன. அந்தத் திறமையை ஒவ்வொரு தலைமுறையும் தொடக்கத்திலிருந்து மறுபடி சம்பாதிக்க வேண்டியிருப்பதுதான் நம் ஏழ்மை. ஒருவர் கண்டதன் மேல் அடுத்தவர் ஏறி நிற்க முடியாத தொழில் எத்தனை ஆண்டு ஓடினாலும் அதன் வயது ஒன்றுதான். இதை மாற்றக் கடனும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். தெரிந்ததை எழுதச் சொல்ல ஒரு முதலாளிக்குத் துணிவும், எழுதியவரை மதிக்க அவருக்கு நேர்மையும் வேண்டும். இந்தச் சனிக்கிழமையே தொடங்கலாம்.